நாட்கடனும் நூலோதலும்: தில்லை நெறியும் யூதர் நெறியும்

சமயத்தை நிலைபெறச் செய்வன யாவை என வினவுவார்க்குக் கோயிலும், குருபரம்பரையும், நூலும் என விடை கூறுதல் வழக்கு. இம்மூன்றனோடு நான்காவதாக வைத்து எண்ணத்தக்கது ஒன்றுண்டு; அது நாள். இன்ன நாளில் இன்னது செய்க, இன்ன பொழுதில் இன்னது ஓதுக என்னும் வரையறையே கோயிலையும் நூலையும் மாந்தர் வாழ்வோடு பிணிக்குங் கயிறாகும். அக்கயிறு அறுந்துழிக் கோயில் வெறுங் கற்கட்டடமாகும். நூல் செல்லுக்கு இரையாகும். அது அறாதவழிக் கோயில் இடிந்தும் ஊர் இழந்தும் சமயம் பிழைத்திருத்தல் கூடும். தில்லை, திருப்பாதிரிப்புலியூர் ஆகிய தமிழ்நாட்டுத் திருப்பதிகளின் வரலாறும், யூதர் என்னும் பழங்குடியினரின் வரலாறும் இவ்வுண்மையை ஒருங்கே வலியுறுத்துகின்றன.

தில்லைக் கூத்தப்பெருமான் திருவுருவம் தன் அம்பலத்தை விட்டு நீங்கியிருந்த காலம் ஒன்றுண்டு என்பது இக்காலத்து அன்பர் பலர் அறியாதது. செஞ்சி நாடு பீசப்பூர்ப் படையெழுச்சியால் அலைப்புண்ட ஞான்று, 1648-ஆம் ஆண்டின் இறுதியில், அத்திருவுருவம் காப்பின்பொருட்டுத் தில்லையினின்றும் கொண்டுசெல்லப்பட்டது. முதலிற் குடுமியான்மலையிலும் பின்னர் மதுரையிலும் எழுந்தருளியிருந்து, 1686-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிலேயே மீண்டும் தில்லைக்கு எழுந்தருளிற்று. இடைப்பட்ட காலம் 37 ஆண்டு 10 திங்கள் 20 நாள் எனச் செப்பேடுகள் நாட்கணக்கோடு கூறுகின்றன. ஒரு தலைமுறையினும் மிக்க இக்காலம் முழுவதும் எண்ணப்பட்டு நாளளவாக எழுதப்பட்டது என்பது கருதத்தக்கது. பிரிந்திருந்த நாள் ஒவ்வொன்றும் கணக்கில் வைக்கப்பட்டமையின், மீளுதல் மறக்கப்படாத கடனாக நின்றது.

இனி, கோயில் இல்லாத நாளில் வழிபாடு யாதாகும் என்னும் வினாவைத் தில்லைவாழ்வோர் முப்பத்தெட்டாண்டுக்குள் கடந்தனர். அவ்வினாவையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக எதிர்கொண்டு நிற்பவர் யூதர். ஆதலின் அவர் கண்ட விடை சைவர்க்கும் ஆராயற்பாலதாகும்.

யூதர்க்குக் கோயில் ஒன்றே. அஃது எருசலேம் நகரத்தது. அதன்கண் நாடோறும் காலையில் ஓர் ஆட்டுக்குட்டியும் அந்திப்பொழுதில் ஓர் ஆட்டுக்குட்டியும் பலியிடுதல் இடையறாக் கடனாக விதிக்கப்பட்டிருந்தது. கி. மு. 586 அளவில் பாபிலோனிய வேந்தன் நேபுகாத்நேச்சார் அக்கோயிலை அழித்து மக்களைச் சிறைகொண்டு சென்றான். பாரசீக வேந்தன் கோரேசு காலத்தில் அவர்கள் மீண்டு, கி. மு. 516 அளவில் இரண்டாங் கோயிலைக் கட்டி முடித்தனர். அதுவும் கி. பி. 70-இல் உரோமப் படைத்தலைவன் தீத்துவினால் எரியூட்டப்பட்டது. மூன்றாங் கோயில் இன்றுவரை எழவில்லை.

பலிபீடம் ஒழிந்தபின் பலி நிற்க, அதன் பொழுது மட்டும் எஞ்சியது. எருசலேம் முற்றுகையிடப்பட்ட காலத்து யோகனான் பென் சக்காய் என்னும் ஆசிரியர் நகரினின்றும் நீங்கி, யவ்னே என்னும் ஊரில் அறிஞர் கழகம் ஒன்றை நிறுவினார் என்பது அவர் வரலாறு. அக்கழகத்தார் வழியிலும் அவர்க்குப் பின்வந்தார் வழியிலும், காலைப் பலியின் பொழுதிற் காலைச் செபமும், அந்திப் பலியின் பொழுதிற் பிற்பகற் செபமும், இரவிற் பிறிதொரு செபமும் என மூன்று வேளை வழிபாடு உறுதிப்பட்டது. அதனோடு, பலியிடும் முறையைக் கூறும் நூற்பகுதியைக் காலைதோறும் ஓதுதலும் வழக்காயிற்று. செய்ய இயலாத கிரியையை அதன் விதியை ஓதுதலால் நிறைவுசெய்தல் அவர் கருத்து. திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் பொருளின்மையால் மனத்தகத்தே கோயில் எடுப்பித்து, அதனுட் சிவபெருமானை எழுந்தருளுவித்த வரலாற்றை உணர்ந்த சைவர்க்கு இக்கருத்து முற்றும் புதியதன்று.

நாளை இவ்வாறு அமைத்த அவர், ஆண்டினையும் நூலாகவே அமைத்தனர். அவர்தம் வேதமாகிய ஐந்நூலை ஐம்பத்துநான்கு பகுதியாகப் பகுத்து, ஓய்வுநாள்தோறும் முறையாக ஓதி ஓராண்டில் முடிப்பர். முடித்த அந்நாளிலேயே, இடையீடின்றித் தொடக்கப் பகுதியையும் ஓதுவர். ஓதல் முற்றுப்பெற்றது என்று கூறுதற்கு ஒரு நாளும் இடங்கொடாமையே இதன் நோக்கம். நிசான் திங்கள் பதினைந்தாம் நாளில் தொடங்கும் பஸ்கா விழா எகிப்தினின்று மீண்ட வரலாற்றைக் குழந்தைகள் வினாவப் பெரியோர் விடைகூறும் வாயிலாக நினைவூட்டும். ஆபு திங்கள் ஒன்பதாம் நாள், இரு கோயிலும் அழிந்த துயர்நாள். அன்று உண்ணாது, தரைமேலிருந்து, புலம்பல் நூலை ஓதுவர். அந்நாளில் ஏனை நூல்களை ஓதுதல் விலக்கப்பட்டது. என்னை? நூலோதல் உள்ளத்துக்கு மகிழ்ச்சி தருவதாகலின், துயர்நாட்கு ஒவ்வாது என்க. ஓதுதலை இன்பங்களுள் ஒன்றாக எண்ணி, உணவை விலக்குமாறு போல அதனையும் விலக்கிய இவ்விதி ஒன்றே, அம்மக்கள் நூலை எவ்வாறு போற்றினர் என்பதைக் காட்டப் போதியது.

நாள் ஒன்றாயினன்றோ வழிபாடு ஒன்றாகும்? முற்காலத்தில் பிறைகண்டார் எருசலேம் நகர்க்கு வந்து சான்று கூற, அவைக்களத்தார் திங்கட்பிறப்பை அறிவித்தனர். மக்கள் பல நாடுகளிற் சிதறியபின் இம்முறை இயலாதாயிற்று. ஆதலின் கணிதத்தால் நாள் வரையறுக்கும் முறை மேற்கொள்ளப்பட்டது. அதனை நான்காம் நூற்றாண்டினராகிய இரண்டாம் இல்லேல் என்பார் வெளியிட்டார் என்பது மரபு. மதியாண்டு 354 நாள் அளவினது. ஞாயிற்றாண்டினும் ஏறத்தாழப் பதினொரு நாள் குறைவுடையது. அக்குறையை நிரப்பப் பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு ஆண்டுகட்கு மிகைத்திங்கள் ஒன்று கூட்டுவர். தமிழ்நாட்டார் ஞாயிற்றின் இராசிப்பெயர்ச்சியால் திங்களைக் கொண்டு, திதியையும் விண்மீனையும் மதியால் அறிகின்றனர். முறை வேறாயினும், ஞாயிறு திங்கள் இரண்டனையும் ஒருவழிப்படுத்தும் அருமை இருவர்க்கும் ஒன்றே.

இக்கணிதம் எத்துணைத் தொலைவு பயன்பட்டது என்பதற்குக் கொச்சியே சான்று. சேரவேந்தன் பாற்கர இரவிவர்மன் தன் முப்பத்தெட்டாம் ஆட்சியாண்டில், கி. பி. 1000 அளவில், முயிரிக்கோட்டிலிருந்து ஈசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு விடுபேறும் அளித்தான். வட்டெழுத்திற் பொறிக்கப்பட்ட அச்செப்பேடுகள் கொச்சி யூதரிடம் வழிவழியாகப் போற்றப்பட்டன. கொச்சியிலுள்ள பரதேசி யூதர் செபாலயம் 1568-இற் கட்டப்பட்டு, 1662-இற் போர்த்துக்கேயரால் சிதைக்கப்பட்டு, மீளவும் புதுக்கப்பட்டது. அதன் மணிக்கூண்டு 1760-இல் எழுந்தது. எபிரேய எண்ணும் உரோம எண்ணும் மலையாள எண்ணும் அதன் வெவ்வேறு முகங்களிற் காணப்படும். அவ்வூரவராகிய தாவீது இராகபி என்பார் பதினெட்டாம் நூற்றாண்டில் எபிரேய நாட்கணிதம் பற்றி ஒரு நூல் இயற்ற, அஃது ஆம்சுதர்தாம் நகரில் அச்சிடப்பட்டது. கொச்சிக் கடற்கரையில் வாழ்ந்த ஒரு சிறு கூட்டத்தார்க்குத் தம் நாளைத் தாமே கணித்துக்கொள்ளும் அறிவு இருந்தமையின், அரசும் கோயிலும் இன்றியும் அவர் தம் நெறியைக் காத்தனர். அவருட் பெரும்பாலார் 1948-க்குப் பின் இசுரயேல் நாட்டிற் குடியேறினர். இன்று கொச்சியிலிருப்போர் மிகச் சிலரே.

இனித் தில்லையை நோக்குக. ஆண்டு நாடோறும் ஆறு காலப் பூசை நிகழ்கின்றது. படிகலிங்கத் திருமேனிக்குத் திருமஞ்சனமும் ஆட்டப்படுகின்றது. கூத்தப்பெருமானுக்கோ ஆண்டில் ஆறே திருமஞ்சனம். மார்கழித் திருவாதிரை, மாசிச் சதுர்த்தசி, சித்திரைத் திருவோணம், ஆனி உத்தரம், ஆவணிச் சதுர்த்தசி, புரட்டாசிச் சதுர்த்தசி என்பன அவை. மக்கட்கு ஓராண்டு தேவர்க்கு ஒரு நாள். ஆதலின் மார்கழி வைகறையும், மாசி காலைச்சந்தியும், சித்திரை உச்சிக்காலமும், ஆனி மாலையும், ஆவணி இரவும், புரட்டாசி அர்த்தயாமமுமாம் என்பது ஆன்றோர் கூறும் பொருள். நாளினுள் நிகழும் ஆறு காலமும் ஆண்டினுள் விரிந்து நிற்க, ஆண்டு முழுவதும் இறைவன்முன் ஒரு நாளாக ஒடுங்குகின்றது. காலத்தை வழிபாடாக்கும் நெறியில் இதனினும் நுண்ணியதொரு வகுப்பைக் காண்டல் அரிது.

வரலாற்றை நாளினுட் பொதிந்துவைத்தலும் சைவத்தில் உண்டு. சித்திரைச் சதயத்தில் திருநாவுக்கரசரும், வைகாசி மூலத்தில் திருஞானசம்பந்தரும், ஆனி மகத்தில் மணிவாசகரும், ஆடிச் சோதியில் நம்பியாரூரரும் நினைக்கப்படுகின்றனர். புரட்டாசி உரோகிணியில் திருநாளைப்போவார் தில்லைக்கு வந்த வரலாறும், ஐப்பசி அனுடத்தில் பூசலார் வரலாறும், ஐப்பசிச் சோதியில் மெய்கண்டார் வரலாறும் ஓதற்குரியன. பஞ்சாங்கத்தை விரித்தால் பெரியபுராணம் தோன்றும் வண்ணம் முன்னோர் அமைத்தனர்.

ஆயின் குறை எங்குளது? நாள் நிற்ப, ஓதல் நழுவியதே குறை. இதற்குத் தில்லையே முதற்சான்று. மூவர் பாடல்கள் தில்லைக் கோயிலின் மேலைத் திருச்சுற்றிற் பூட்டிய அறையொன்றில் அடைபட்டிருந்தன. நம்பியாண்டார் நம்பி சோழவேந்தன் துணையாற் கண்டபொழுது, பெரும்பகுதியைச் செல் தின்றிருந்தது எனத் திருமுறைகண்ட புராணம் உரைக்கும். யூத நாட்டிலும் கி. மு. 622 அளவில் யோசியா வேந்தன் காலத்துக் கோயிலைப் பழுதுபார்த்த பொழுது, மறக்கப்பட்டுக் கிடந்த வேதநூல் கண்டெடுக்கப்பட்டது என அவர் வரலாற்றுநூல் கூறும். இரண்டிடத்தும் கோயில் திறந்தே இருந்தது. விழா நடந்தே வந்தது. நூல் மட்டும் கேட்பாரற்றுக் கிடந்தது. பின்னர் எஸ்றா என்னும் ஆசிரியர் மக்கள் அனைவரையும் கூட்டி, நூலை வாசிப்பித்துப் பொருள் விளக்கினார். இங்கோ, முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய நாற்பத்தெண்மரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் நியமித்தான். முதற்குலோத்துங்கன் படைத்தலைவனாகிய மணவிற்கூத்தன் நரலோகவீரன் தில்லையில் மூவர் பாடலைச் செப்பேட்டில் எழுதுவித்தான். செப்பேட்டைச் செல் அரியாது. எனினும் ஓதாவழி அதுவும் பூட்டிய அறைக்குரிய பொருளே.

கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூர் இதற்கு மற்றொரு பாடம் கூறும். அவ்வூர் முன்னாளிற் பாடலி எனப் பெயர்பெற்றுச் சமணர் பெரும்பள்ளி ஒன்றைத் தன்பாற் கொண்டிருந்தது. மருணீக்கியார் தருமசேனர் என்னும் பெயரோடு கலைபயின்றது அப்பள்ளியிலேயே. லோகவிபாகம் என்னும் சமண நூல், காஞ்சி வேந்தன் சிம்மவர்மன் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டில், சகம் 380-இல், அஃதாவது கி. பி. 458-இல், பாடலிகையில் சர்வநந்தி என்பவரால் எழுதி முடிக்கப்பட்டது என்று கோள்நிலையோடு கூறுகின்றது. அப்பாடலிகை இவ்வூரே என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. பின்னர்ப் பல்லவன் பாடலிப் பள்ளியை இடித்து, அக்கல்லாற் திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான் எனச் சேக்கிழார் கூறுவர். பள்ளி போயிற்று, அதன் கல்லும் போயிற்று, சிம்மசூரி பிற்காலத்தில் வடமொழியிற் பெயர்த்த நூலினுள் அந்நாள் மட்டும் எஞ்சிற்று. பல்லவர் காலவரையறைக்கு அஃது இன்றும் உறுதுணை. கட்டடத்தினும் நூலும் நாளும் நெடிது வாழும் என்பதற்கு, மாற்றார் பள்ளியேயாயினும், இதனினும் தெளிந்த சான்று வேண்டா. தில்லைப் பெருங்கோயிலும் கருநாடகப் போர்க்காலத்துக் கோட்டையாக்கப்பட்டு, 1781-இல் ஐதரலியின் படை உள்ளிருப்ப ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் தாக்குதலுக்கும் இலக்காயிற்று. கல்மதிலை நம்பியிருத்தல் போதாது என்பதை அவ்வாண்டு கண்டது.

நூலோதலே வழிபாடு என்னும் கொள்கை சைவத்திற்குப் பிறர் தந்ததன்று. ஞானநூலை ஓதலும், ஓதுவித்தலும், பொருள் கேட்பித்தலும், தான் கேட்டலும், கேட்டதனைச் சிந்தித்தலும் ஆகிய ஐந்தும் ஞானபூசை எனச் சிவஞானசித்தியார் வகுத்துரைக்கும். கொற்றவன்குடி உமாபதிசிவம் சங்கற்பநிராகரணத்திற் சகம் 1235, அஃதாவது கி. பி. 1313, எனக் காலங் குறித்தமையால், நூலும் நாளும் பிரியாமை சித்தாந்த ஆசிரியர்க்கும் உடன்பாடு என்பது புலனாம். ஆறுமுக நாவலர் 1864-இற் சிதம்பரத்திற் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவியதும், நித்திய கருமத்தைச் சிறார்க்கும் விளங்கச் சைவவினாவிடையில் அமைத்ததும் இக்கருத்துப்பற்றியே. ஞானியாரடிகள் முன்னிலையில் 1905-இல் திருப்பாதிரிப்புலியூரிற் சைவசித்தாந்த சமாசம் தோன்றியதும் இதன் தொடர்ச்சியே.

அற்றேல், குறையாவது யாது எனின், ஓதல் தனித்தனி வீட்டளவிலும் விழாவளவிலும் நின்றமையேயாம். ஒரே நாளில் எல்லாரும் ஒரே பகுதியை ஓதும் ஒழுங்கு அமையவில்லை. இதனை யூதர் அண்மைக் காலத்திலேயே அமைத்துக்கொண்டனர். மிஷ்னா என்னும் தொகைநூல் கி. பி. 200 அளவிலும், அதன் விரிவுரையாகிய பாபிலோனியத் தல்மூத்து அதற்குப் பின் சில நூற்றாண்டுகளிலும் முற்றுப்பெற்றன. தல்மூத்தோ பெரியதோர் கடல். கற்றாருட் பலரும் சில பகுதியே பயின்றனர். போலந்து நாட்டு ஆசிரியர் மேயிர் ஷாபிரோ 1923-இல் வியன்னா நகரில் கூடிய பேரவையில், உலகத்து யூதரெல்லாம் நாளொன்றுக்கு ஓர் ஏடாக அந்நூலை ஓதுக எனப் பணித்தார். அவ்வாண்டு செப்டம்பர் 11-இல், அவர்தம் ஆண்டுப் பிறப்பன்று, ஓதல் தொடங்கிற்று. இப்பொழுதுள்ள முறையில் ஏடுகள் 2711. ஆகவே ஒரு சுற்று ஏழாண்டு ஐந்து திங்களில் முடியும். மூன்றாஞ் சுற்று 1938-இல் தொடங்கி 1945-இல் முடிந்தது. அவ்விடைக்காலத்தே செருமனி நாட்டு நாசியர் யூதர் அறுபது இலக்கம் பேரைக் கொன்றனர். ஷாபிரோ லூபிளின் நகரில் 1930-இல் திறந்த கலாசாலையும் 1939-இல் மூடப்பட்டது. ஓதுவாருள் எண்ணிறந்தோர் மாண்டும் ஏட்டின் வரிசை மாளவில்லை. பதினான்காஞ் சுற்று 2020-ஆம் ஆண்டு சனவரி 5-இல் தொடங்கியது.

ஈண்டு ஒரு தடை எழும். உருவ வழிபாட்டை விலக்கிய பிறசமயத்தார் வழக்கைச் சைவர் கைக்கொள்ளல் தகுமோ எனின், கொள்ளற்பாலது அவர் கொள்கையன்று, நாளொழுங்கே என்க. திருவுருவமும் திருக்கோயிலும் சைவர்க்கு ஒழியாப் பொருள். சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியாரோடு கூடுதலையும், திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுதலையும் ஒருங்கே விதிக்கின்றது. ஒருநாள் ஓரிடத்துப் பலர் ஒன்றை ஓதுதல் அடியார் கூட்டத்தின் ஒரு வடிவேயாம்.

இனி, நாட்கடனாக ஓதுதல் உள்ளமின்றி வாயளவாய் ஒழியாதோ எனின், ஒழிதலும் உண்டு. ஆயினும் ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. படிகம் தன்னை அடுத்த நிறத்தையே காட்டும். ஆணவம் செம்பிற் களிம்புபோல் உடனாய் நிற்பது. செம்பை ஆண்டுக்கொருமுறை விழாநாளில் விளக்கி வைப்பவன் மறுநாளே களிம்பைக் காண்பான். நாடோறும் விளக்குபவன் கை சிலபொழுது சோர்ந்து விளக்கினும், கலம் தூயதாகவே இருக்கும்.

இதற்கு வேண்டுங் கணக்கு எளியது. தேவாரத் திருப்பதிகங்கள், சம்பந்தர் 384, நாவரசர் 312, நம்பியாரூரர் 100 என வழங்குங் கணக்கின்படி 796 ஆகும். நாளொன்றுக்கு ஒரு பதிகமாக ஓதின் இரண்டாண்டும் அறுபத்தாறு நாளுமாகத் தேவாரம் முற்றும். தல்மூத்துச் சுற்று ஒன்று முடியுங் காலத்திற்குள் தேவாரம் மும்முறை முற்றுவதோடு, திருவாசகம் ஐம்பத்தொரு பகுதிக்கும் நாள் எஞ்சும். சம்பந்தர் திருநாளாகிய வைகாசி மூலத்தில் முதற்பதிகத்தைத் தொடங்கலாம். ஓரிடத்தார் வாக்கியப் பஞ்சாங்கமும் ஓரிடத்தார் திருக்கணிதமும் கொள்ளினும், தொடங்கிய நாள் ஒன்றாயின் எண் பிறழாது. சிவஞானபோதச் சூத்திரம் பன்னிரண்டு, திங்களும் பன்னிரண்டு. திங்கட்கு ஒரு சூத்திரமாகச் சிந்தித்தால், ஓராண்டில் ஞானநூல் ஒருமுறை நிறையும்.

பாதிரிப்புலியூரிற் கரையேறிய பெருமான், கல்லோடு கடலிற் கிடந்தபொழுது அவர்க்குக் கோயில் இல்லை, விளக்கு இல்லை, உடன் ஓதுவாரும் இல்லை. நாவிற் பயின்ற திருவைந்தெழுத்து ஒன்றே இருந்தது. பயிலாத நாவிற்கு அந்நேரத்தில் அது வாய்ப்பது அரிது. ஆதலின் இன்றைய பதிகத்தை இன்றே ஓதுக. முற்றுப்பெறும் நாளிலேயே முதற்பதிகத்தை மீண்டும் எடுக்க.

திருச்சிற்றம்பலம்.